நிறம் மாறும் சொட்டு

அத்தியாயம் 9

“ரெண்டு பேரும் நல்லாப் பசியாறிட்டீங்கதானே?” என்று காளியப்பன் மறுபடியும் கேட்டார்.

மலாயாவின் கூலாய் ரயில் நிலையத்து மேடை இரவு பெய்த மழையில் நனைந்து கிடந்தது. காளியப்பன் கஞ்சி போட்ட வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். கல்யாண வீட்டுக்கும், தோட்டத்துத் துரையைப் பார்க்கப் போவதற்கும் மட்டுமே பெட்டியை விட்டு வெளியே வரும் கோட்டு அது.

“ஆச்சுப்பா” என்றாள் சந்திரமதி.

ஜெயபாலன் தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். காலையில் தம்பியின் முன்னால் வைத்த ரொட்டி அப்படியே இருந்தது அவளுக்குத் தெரியும். அப்பாவிடம் சொல்லவில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸ்ஸராக இருக்கும் காளியப்பன் வீட்டுக்குப் போன வாரம் இரண்டு நல்ல சேதிகள் வந்திருந்தன. மகன் ஜெயபாலன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிவிட்டான். மகள் சந்திரமதிக்கு வைகாசியில் முகூர்த்தம் வைத்துக்கொள்ளலாம் என்று தங்காக் ஊரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பினார்கள். மாப்பிள்ளை தங்கராஜு அங்கே அவன் பெரியப்பாவின் ஜவுளிக்கடையைப் பார்த்துக்கொள்கிறான்.

மூன்றாவது சேதியைத் துரை கூப்பிட்டுச் சொன்னார். ரப்பர் விலை விழுந்து, கூலியாட்கள் குடியிருக்கும் லயத்தில் பாதி காலியாகிவிட்டது. இனி இந்தத் தோட்டத்துக்குத் தனியாக ஆஸ்பத்திரி எதற்கு? வருஷக் கடைசியில் மூடிவிடுவார்கள். டிரெஸ்ஸர் வேலையோடு டிரெஸ்ஸர் வீடும் போய்விடும்.

ஆகவே காளியப்பனின் மனம் முழுவதும் இப்போது ஒரே இடத்தில் குவிந்திருந்தது. சிங்கப்பூர் விஞ்ஞானக் கல்லூரி. சேர்ந்துவிட்டால் மாதாமாதம் உபகாரச் சம்பளம் வரும்; அதை வைத்து ஒரு வாடகை வீடு பிடித்துவிடலாம்.

அங்கே இடம் கிடைப்பது சுலபமில்லை. மலாயா முழுவதிலிருந்தும் பையன்கள் வருவார்கள். எடுத்துக்கொள்வதோ ஒரு வகுப்பறை நிறையாத அளவுக்குத்தான். அதனால் ரசாயனப் பேராசிரியர் முதலிலேயே ஒவ்வொரு பையனையும் வரவழைத்துப் பார்ப்பார். ஒரு சின்னச் சோதனை வைப்பார். உனக்கு இங்கே இடமுண்டு என்றோ, இல்லை, வீணாகக் காத்திருக்காதே என்றோ முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். இன்று ஜெயபாலனின் முறை.

ரயில் கிளம்பியதும் காளியப்பன் கணக்குப் போட ஆரம்பித்தார்.

“கணக்குல உனக்கு முதல் தரம். பௌதிகம், கெமிஸ்ட்ரி ரெண்டுலயும் கிரெடிட். இங்கிலீஷ் கொஞ்சம் சுமார். அது போகட்டும், ஆசிட் என்ன இங்கிலீஷா பேசப் போகுது?”

அவரே சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“பினாங்குப் பையனுங்க கெட்டிக்காரனுங்க. சிங்கப்பூர்ப் பையனுங்களுக்கு உள்ளூர்ச் செல்வாக்கு இருக்கும். ஆனா நம்ம ஜொகூர்ல இருந்து எத்தனை பேர் போகப் போறான்? உன் கூடப் படிச்ச சபாபதி போனானே, அவனுக்கு என்ன சொன்னாங்க?”

“தேறாதுன்னுட்டாங்க” என்றான் ஜெயபாலன். “ரயில்வே ஆபீசுல கிராணி வேலைக்கு எழுதிப் போட்டுட்டான்.”

“பாவம். அவனுக்குக் கணக்கு வராது. உனக்கு வரும்.” காளியப்பன் மகனின் முழங்காலைத் தட்டினார். “தம்பி, நான் மருந்து கலக்கிக் கொடுத்தே காலத்தை ஓட்டிட்டேன். அந்த மருந்து ஏன் வேலை செய்யுதுன்னு எனக்குத் தெரியாது. நீ தெரிஞ்சுக்கணும்.”

ஜெயபாலன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. புது இலை விட்ட மரங்களுக்கு நடுவே சிவந்த இலையோடு சில மரங்கள் நின்றன. எது சிவப்பு, எது பச்சை என்று அவனால் பிரிக்க முடியாது. பிறந்ததிலிருந்தே அப்படித்தான்.

வீட்டில் இது சந்திரமதிக்கு மட்டும் தெரியும். அம்மா காசநோயில் போனபோது அவளுக்கே பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தாள். பழுத்த சிவப்பு மிளகாய் பறித்து வா என்றால் பச்சை மிளகாயோடு வந்து நிற்கும் தம்பியை முதலில் அடித்தாள். பிறகுதான் புரிந்தது. அப்பாவுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று அன்றைக்கு மூடி வைத்த விஷயம், வருஷம் ஆக ஆகத் திறக்க முடியாததாகிவிட்டது.

ஜொகூர் பாருவில் ரயில் கொஞ்ச நேரம் நின்றது. தெரிந்த ரயில் கார்டு ஒருவரைக் கண்டு காளியப்பன் கீழே இறங்கினார். மகனுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்கப்போவதைப் பற்றித்தான் பேசுகிறார் என்பது அவருடைய கை அசைவிலேயே தெரிந்தது.

“அக்கா” என்றான் ஜெயபாலன். “சபாபதிக்கு என்ன சோதனை வச்சாங்கன்னு சொன்னான்.”

“என்னவாம்?”

“குடுவையில மஞ்சத் தண்ணி இருக்கும். மேல இருந்து சொட்டுச் சொட்டா ஆசிட் விடணும். ஒரு சொட்டுல மஞ்ச போயி சிவப்பு எட்டிப் பாக்கும். அந்தச் சொட்டுல நிறுத்தணும். எனக்கு மஞ்சளும் அந்தச் சிவப்பும் ஒண்ணாத்தான் தெரியும்கா.”

“ஸ்கூல்ல என்ன செஞ்ச?”

“சபாபதி பக்கத்துல நிப்பான். காலை மிதிப்பான்.”

சந்திரமதிக்குச் சிரிப்பு வந்தது. தம்பியின் முகத்தைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

“இன்னிக்கு யாருடா மிதிப்பா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அந்த மேசை ஜன்னலோரம் இருக்காம். வெளிய வராந்தாவுல பெஞ்சு போட்டிருக்காங்களாம். நீ ஜன்னல் பக்கமா உக்காந்துக்கிட்டு... லேசா ஒரு இருமல் இருமினாப் போதும்.”

“உள்ளதை அப்பாகிட்ட சொல்லிடலாம் பாலா. கணக்கு மட்டும் படிக்கறேன்னு சொல்லு.”

“கணக்குப் படிக்கிறவனும் முதல் வருஷம் இந்தச் சோதனையெல்லாம் செஞ்சே ஆகணும். சொன்னா இன்னியோட முடிஞ்சுது. வருஷக் கடைசியில நாம எங்கக்கா போறது? நீ தங்காக்குக்குப் போயிடுவ. அப்பாவும் நானும்?”

அவள் பதில் சொல்வதற்குள் காளியப்பன் ஏறிவிட்டார். மூன்று குவளை கோப்பி வாங்கி வந்திருந்தார்.

“குடிம்மா. சோதனை முடிஞ்சதும் நேரா சிராங்கூன் ரோட்டுக்குப் போறோம். உன் சீர்ப் பாத்திரத்தை இன்னிக்கே எடுத்துடலாம். நல்ல நாள், ரெண்டு காரியமும் முடியட்டும்.”

ரயில் பாலத்தின் மேல் ஊர்ந்தது. இரண்டு பக்கமும் கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

*

கல்லூரியின் சோதனைச்சாலை தரைத்தளத்தில் இருந்தது. சபாபதி சொன்னது அப்படியே சரி. ஜன்னலோரம் மேசை, வெளியே வராந்தா, பெஞ்சு.

சந்திரமதி ஜன்னலை ஒட்டிய முனையில் உட்கார்ந்தாள். காளியப்பன் மறு முனையில் உட்கார்ந்தார். உடனே எழுந்தார். கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வராந்தாவின் நீளத்துக்கு நடந்தார்.

உள்ளே பேராசிரியர் ஜெயபாலனிடம் ஏதோ கேட்டார். உயரமான, நரைத்த மீசை வைத்த வெள்ளைக்காரர். முதலில் கணக்குக் கேட்டார் போலிருக்கிறது; ஜெயபாலன் கரும்பலகையில் எழுதினான். அவன் எழுதி முடிப்பதற்குள்ளேயே அவர் தலையை ஆட்டிவிட்டார். அதற்குப் பிறகு அவனை ஜன்னலோர மேசைக்கு அழைத்து வந்தார்.

நீண்ட கண்ணாடிக் குழாய் ஒன்று நெட்டுக்குத்தாக நின்றது. அதன் அடியில் வெள்ளை ஓடு. ஓட்டின் மேல் குடுவை. குடுவைக்குள் சாமந்திப்பூ மஞ்சள்.

ஜெயபாலன் குழாயின் திருகைத் திருப்பினான். வலது கையால் குடுவையைச் சுழற்றினான். அந்தக் கை ஆடவில்லை. முகம் மட்டும் வெளிறியிருந்தது.

சந்திரமதி குடுவையையே பார்த்தாள். ஆசிட் விழுந்த இடத்தில் சிவப்பு ஒரு கீற்றாகத் தோன்றியது. குடுவை சுழன்றதும் மறைந்தது. மறுபடி தோன்றியது, மறைந்தது. எது கடைசிச் சொட்டு? அவன் அதைச் சொல்லித் தரவில்லையே! திடீரென்று குடுவை முழுவதும் செம்பருத்திச் சாறு கலந்ததுபோல ஆகிவிட்டது. அவள் பதறி இருமினாள்.

பிந்திவிட்டது. பேராசிரியர் அளவைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். குடுவையைக் கழுவி மறுபடியும் செய்யச் சொன்னார்.

“என்னம்மா?” என்று காளியப்பன் நின்றார்.

“தொண்டையில ஏதோ...”

இரண்டாவது தடவை அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கீற்று மறைவதற்குத் தாமதிக்கத் தொடங்கியதும் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். மஞ்சள் வாடி, ஆரஞ்சுக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு நிறம் வந்து நின்ற அதே நொடியில் இருமினாள். ஜெயபாலனின் விரல்கள் திருகை மூடின.

மூன்றாவது தடவையும் அப்படியே.

பேராசிரியர் குனிந்து குழாயின் அளவைப் படித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். அவர் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது.

காளியப்பனை அவரே வராந்தாவுக்கு வந்து பார்த்தார். காளியப்பன் விறைப்பாக நின்றார்.

நான் வாக்குக் கொடுக்க முடியாது, என்றார் அவர் ஆங்கிலத்தில். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகுதான் குழு முடிவு செய்யும். இங்கிலீஷில் இவன் இன்னும் உழைக்க வேண்டும். ஆனால் இந்த வாரம் நான் பார்த்த பையன்களில் இவ்வளவு துல்லியமாக நிறுத்தியவன் வேறு யாருமில்லை. இவனுக்கு இடமிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

காளியப்பன் நன்றி சொல்லிக் கைகூப்பினார்.

பேராசிரியர் உள்ளே திரும்பியவர், நின்று சந்திரமதியைப் பார்த்தார்.

உங்கள் மகளா? இந்த இருமலை அலட்சியம் செய்யாதீர்கள். நீங்கள் ஆஸ்பத்திரிக்காரர், உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அவர் எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று சந்திரமதிக்கு விளங்கவில்லை. அவருடைய கண்கள் அவளிடமிருந்து ஜன்னலுக்குப் போய், அங்கிருந்து மேசைக்குப் போனது மட்டும் தெரிந்தது.

கல்லூரி வாசலில் இறங்கியபோது ஜெயபாலன் துள்ளாத குறைதான். “அப்பா, கேட்டீங்களா? வேற யாருமில்லைன்னு சொன்னாரு!”

“கேட்டேன் தம்பி” என்றார் காளியப்பன். அவர் மகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “வெயில்ல நிக்காத சந்திரா. இப்படி நிழலுக்கு வா.”

ரிக்‌ஷா வந்தது. காளியப்பன் ரயில் நிலையத்துக்குப் போகச் சொன்னார்.

“சிராங்கூன் ரோட்டுக்குப் போகலையாப்பா?” என்று கேட்டான் ஜெயபாலன்.

“இன்னொரு நாள் பாத்துக்கலாம்.”



*

வீடு திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. காளியப்பன் கோட்டைக் கழற்றவில்லை. “சந்திரா, ஆஸ்பத்திரிக்கு வா” என்று சொல்லிவிட்டு முன்னே நடந்தார்.

பத்துக் கட்டில்களில் இரண்டில்தான் ஆளிருந்தது. மருந்து அறையில் அவளை முக்காலியில் உட்கார வைத்து, ஸ்டெதாஸ்கோப்பை எடுத்து முதுகில் வைத்தார். உலோகம் சில்லென்றிருந்தது.

“மூச்சை இழும்மா. விடு. இன்னொரு தரம்.”

எத்தனையோ கூலியாட்களின் நெஞ்சில் இதை வைத்துப் பார்த்தவர். மனைவியின் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தவர். அன்றைக்கு அவர் கேட்ட சத்தம் இன்னும் அவர் காதில்தான் இருக்கிறது.

நெடுநேரம் கேட்டார். பிறகு குழாயைக் காதிலிருந்து எடுத்தார்.

“நெஞ்சு சுத்தமா இருக்கு.”

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. சொன்னேனே.”

“அதான் எனக்குப் புரியல.” காளியப்பன் நெற்றியைத் தேய்த்தார். “வீட்ல நீ இருமி நான் கேட்டதில்ல. ரயில்ல இருமல. திரும்பி வர்றப்பவும் இருமல. அங்க ஜன்னலோரம் உக்காந்தப்ப மட்டும் எப்படி வந்துச்சு? நீ இருமினே... தம்பி நிறுத்தினான். மறுபடி இருமினே...”

அவர் பேச்சு நின்றது. அறை வாசலில் ஜெயபாலன் நின்றுகொண்டிருந்தான். காளியப்பன் மகளைப் பார்த்தார். மகனைப் பார்த்தார்.

சந்திரமதி மூச்சை அடக்கினாள். இப்போது தம்பி சொல்லிவிடுவான் என்று நினைத்தாள். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாப்பா என்று சொல்லிவிடுவான். அவ்வளவுதான். அழுவோம். முடிந்துவிடும்.

“அப்பா” என்றான் ஜெயபாலன். “அக்காவுக்கு ரொம்ப நாளாவே இருமல் இருக்கு.”

“என்னடா?”

“ராத்திரியில இருமும்ப்பா. வாயில துணியை வச்சு அமுக்கிக்கிட்டு இருமும். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு.”

காளியப்பன் கையிலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை மேசைமேல் வைத்தார். மகளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

“உங்கம்மாவும் அப்படித்தான் செஞ்சா” என்றார். “துணியை வச்சுக்கிட்டு. எனக்குத் தெரியக் கூடாதுன்னு. கடைசியிலதான்... ஆரம்பத்துல நெஞ்சுல ஒண்ணும் கேக்காதும்மா. அவளுக்கும் கேக்கல.”

சந்திரமதி தம்பியைப் பார்த்தாள். அவன் பார்வை தரையில் இருந்தது. அம்மா துணியை வைத்துக்கொண்டு இருமியதை அவனுக்குச் சொன்னவளே அவள்தான். அம்மாவைப் பற்றிச் சொல்லு, அம்மாவைப் பற்றிச் சொல்லு என்று சின்ன வயதில் அவன் நச்சரித்தபோது சொன்னது.

“தங்காக்காரங்களுக்கு இதை மறைக்கக் கூடாது” என்றார் காளியப்பன். “நோயை மூடி வச்சுப் பொண்ணைக் கொடுக்கிறவன் மனுசனே இல்ல. அவங்க கடை லாரி இன்னிக்குத் துணி விக்க டவுனுக்கு வந்திருக்கும், சம்பள நாள்தானே. டிரைவர் இருட்டறதுக்குள்ள கிளம்பிடுவான். நேரா போயி, கல்யாணம் இப்போ வேணாம்னு சொல்லச் சொல்லிடறேன்.”

“அப்பா...” என்றாள் அவள்.

“நீ பயப்படாதம்மா. உங்கம்மாவை விட்டுட்ட மாதிரி உன்னை விடமாட்டேன்.”

அவர் கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எதையும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

அடுப்படியில் அவள் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஜெயபாலன் வந்து நின்றான்.

“அக்கா, அப்பா கண்டுபிடிச்சிருப்பாரு. வேற என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. கொஞ்ச மாசந்தான்கா. எனக்கு இடம் கிடைச்சு நான் உள்ள போயிட்டா, உனக்கு உடம்பு சரியாயிடுச்சுன்னு சொல்லிக்கலாம்.”

அவள் கை தண்ணீருக்குள்ளேயே நின்றது.

“உள்ள போனப்புறம்?” என்றாள். “மூணு வருஷம் படிப்பு. அங்க யாருடா உனக்கு இருமுவா?”

அவன் கதவுநிலையை நகத்தால் கீறினான்.

“சீக்காளின்னு ஒரு தடவை பேர் வாங்கினவளை எந்தத் தங்காக்காரன் வந்து கட்டுவான்? நீ அதை யோசிச்சியா, யோசிக்கலையா? அதை மட்டும் சொல்லு.”

ஜெயபாலன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான். “யோசிச்சேன்” என்றான், மிக மெல்ல.

அந்தப் பதிலை அவள் எதிர்பார்க்கவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாள். பதற்றத்தில் உளறிவிட்டான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருப்பாள்.

வாசலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. சந்திரமதி ஈரக் கையோடு வெளியே ஓடினாள். காளியப்பன் அதே வெள்ளைக் கோட்டில் ஏறி மிதிக்கத் தொடங்கியிருந்தார். மழைச்சேற்றில் சக்கரம் வழுக்கி வழுக்கிப் போயிற்று.

“அப்பா!”

பின்னாலேயே வந்த ஜெயபாலன் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். “வேணாம்கா. என் வாழ்க்கையே போயிடும்.”

தோட்டத்துப் பாதை திரும்பும் இடத்தில் காளியப்பன் ஒரு காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினார்.

“என்னம்மா?” என்று அங்கிருந்தே கேட்டார்.

ஜெயபாலனின் பிடி இறுகியது. அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள். படியை விட்டுச் சேற்றில் இறங்கினாள். அப்பா நின்ற இடத்தை நோக்கி நடந்தாள்.